பூக்காத அவரை

ஒரு கொடியைப் பிடுங்கிவிட்டு ஒரு வருஷம் வருத்தப்பட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். அனுபவப்பட்டவள் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆரணி. பட்டுப் புடவைக் கடை ஏறி இறங்குகிற சகோதரிகளுக்கு அந்தப் பெயரை நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. கமண்டல நாக நதிக் கரையில் இருக்கிற ஊர். (நதி என்று பெயரே தவிர, வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான்.) ஒரு காலத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடே கிடையாது. இப்போது சில வீடுகளில் தறியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். எங்கள் வீட்டுக் குழித்தறியில் மட்டும், எழுபது வயதைத் தாண்டிய அப்பா இன்னும் கால் மிதித்துக் கொண்டிருக்கிறார்.

வீட்டின் முன்பாதி அப்பாவின் ராஜ்யம். பாவு, ஊடை, அச்சு, நாடா, ஜரிகை என்று அங்கே குழந்தைகள் கூடக் கையைக் கட்டிக் கொண்டுதான் நடக்க வேண்டும். பின்பாதி அம்மாவின் ராஜ்யம். கிணற்றடியில் தொடங்கிப் பின் சுவர் வரைக்கும் போகிற கொல்லை. பெரியதில்லை. நாலு புடவையை விரித்தால் மூடிவிடலாம்.

நெசவாளி வீட்டுக்கும் அதன் கொல்லைக்கும் உள்ள உறவு வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஐப்பசியில் அடைமழை பிடித்துக் கொண்டால் தறிக் குழியில் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. பட்டு இருக்கிறதே, அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. 100 கிராம் உலர்ந்த பட்டு, சாதாரண நாளிலேயே 11 கிராம் ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். மழை நாளில் கேட்க வேண்டாம். இழை தளர்ந்து போகும், ஜரிகை மங்கும். "தறி தூங்குது" என்பார் அப்பா. தறி தூங்கினால் கூலியும் கூடவே தூங்கும். அந்த நாட்களில் அடுப்பை எரிய வைப்பது கொல்லைதான். மழைக்கு முன்னால் காய்ந்து பானைக்குள் போன கொத்தவரை வற்றலும், வெண்டை வற்றலும், மணத்தக்காளி வற்றலும் இல்லாவிட்டால், நாங்கள் மூன்று பிள்ளைகளும் எத்தனையோ ராத்திரி வெறும் ரசத்தோடு படுத்திருப்போம்.

ஆகவே புரட்டாசிக் கடைசியில் அம்மாவுக்கு ஒரு வேகம் வந்துவிடும். "கொல்லையை ஒதுக்கணும்" என்பாள். புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று பழமொழி உண்டல்லவா? பெய்கிற நாள் வருவதற்குள் காய்கிற நாளைப் பயன்படுத்திக் கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வந்துவிடும். ஆடியில் விதைத்ததில் எது இருக்கலாம், எது போகலாம் என்று அதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தீர்ப்பு இருக்கிறதே, அது ஒரு பெரிய கலை. நான் அதைப் பல வருஷம் பார்த்துக் கொண்டே இருந்து, ஒன்றும் கற்றுக் கொள்ளாதவள். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் ஆயுள் முடிந்தது, பிடுங்கலாம். ஆனால் வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் பாய்ந்த செடி இருந்தால் அதை எருக் குழியில் போடக் கூடாது, தனியே கொளுத்திவிட வேண்டும். வெள்ளை ஈ பரப்புகிற நோய் அது. நல்ல செடியில், முதல் காயும் கடைசிக் காயும் இல்லாமல் நடுவில் வந்த காயாகப் பார்த்து இரண்டை விதைக்கு முற்ற விட்டிருப்பாள். கத்தரியைப் பிடுங்கமாட்டாள். தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டி, தொழுஉரம் வைத்து, மண் அணைத்துவிடுவாள். மழை பட்டதும் குச்சி துளிர்த்து, மார்கழியில் இன்னொரு முறை காய்க்கும். பீர்க்கங்காயில் ஒன்றைக் கொடியிலேயே காய விட்டு, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடுகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பாள். சுரை, பாகல் விதைகளைப் பசுஞ்சாணத்தில் பதித்து வறட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டிவிடுவாள். கத்தரி விதைக்குச் சாம்பல். அவரை விதைக்குச் செம்மண். மஞ்சளும் சேனையும் பூமிக்குள் இருக்கட்டும், பொங்கல் வரையில் அவற்றின் பேச்சே எடுக்கக் கூடாது. பிறகு தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு சின்ன வாய்க்கால். கடைசியாகப் பந்தல் கால்களுக்குப் புதிய கயிறு.

இத்தனையும் அம்மா யாருக்கும் எழுதி வைத்ததில்லை.

2024 புரட்டாசியில் அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. சென்னையில் என் வீட்டிலேயே இரண்டு மூன்று மாதம் தங்க வைத்தோம். நடக்க முடியாததைக் கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. "கொல்லை அப்படியே கிடக்குதே" என்பதுதான் நாள் முழுக்கப் புலம்பல். "நான் போய் ஒதுக்கிவிட்டு வருகிறேன், விடு" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பத்திரிகையில் அடுத்தவர்களுக்குத் தோட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான். ஒரு சாண் மண்ணை ஒதுக்க முடியாதா?

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி. இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை காஞ்சிபுரம், செய்யாறு வழியாகப் பஸ்ஸில் புறப்பட்டேன். அம்மா சொன்னதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டிருந்தேன். வெண்டையைப் பற்றி இருந்தது, கத்தரியைப் பற்றி இருந்தது, அவரையைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு விடச் சொல்லி யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

அந்த அவரை எங்கள் ஆயாவின் அவரை. அதாவது அப்பாவின் தாயார் தம் பிறந்த வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். ஊதாப் பூ, காயின் விளிம்பில் யாரோ ஊதா மையால் கோடு இழுத்தாற்போல் இருக்கும். தட்டையான காய், நார் இல்லாதது. எங்கள் வீட்டுப் பொங்கல் குழம்புக்கு அது இல்லாமல் முடியாது. அம்மா அந்த ஆடியில் கையிலிருந்த விதை முழுவதையும் நட்டுவிட்டாள். அதுவும் எனக்குத் தெரியாது.

நான் போய்ப் பார்த்தபோது பந்தல் முழுவதும் ஒரே இலை. ஒரு பூ இல்லை, மொட்டு இல்லை. ஆடியில் விதைத்தது ஐப்பசிப் பாதியாகியும் பூக்கவில்லை என்றால் அது மலட்டுக் கொடிதானே? அந்த வாரம்தான் கனடாவிலிருக்கும் என் கல்லூரித் தோழி அவள் வீட்டுத் தோட்டத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அங்கே உறைபனி விழுவதற்குள் தக்காளிச் செடிகளைப் பிடுங்கி, டேலியாக் கிழங்குகளைத் தோண்டி நிலவறையில் வைத்து, அக்டோபரிலேயே பூண்டு நட்டு வைக்கோலால் மூடிவிடுகிறார்கள். அது பனிக்கடியில் தூங்கிவிட்டு அடுத்த ஜூலையில் அறுவடைக்கு வரும். படத்தில் துடைத்து வைத்தாற்போன்ற கறுப்பு மண். 'காய்க்காத எதையும் விட்டு வைக்காதே' என்று புத்திமதி வேறு. அந்தத் துடைத்த மண்ணின் அழகு என் கண்ணிலேயே நின்றது.

இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம் என்று தறிக்குப் போனேன். "அப்பா, அவரை பூக்கவே இல்லை. எடுத்துவிடலாமா?"

அப்பா நாடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூக்காததை எதுக்கு வச்சுக்கணும்?" என்றார்.

அடியில் அரிவாளைப் போட்டேன். விரல் மொத்தம் இருந்தது தண்டு. பந்தலிலிருந்து உருவி இழுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கொல்லை வெளிச்சமாகிவிட்டது. படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பக் கூட நினைத்தேன். ஏனோ போன் சார்ஜ் இல்லாமல் போயிற்று. அந்த மட்டில் தெய்வம் என் பக்கம் இருந்தது.

அதே மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, எங்கள் மாவட்டத்தின் மேல் கொட்டோ கொட்டென்று கொட்டிற்று. மறுநாள் திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரு வீட்டில் ஏழு பேர் புதைந்து போனார்கள். அந்தச் செய்தியின் நடுவே ஒரு கொடியைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள்?

தை பிறப்பதற்கு நாலு நாள் முன்பு அம்மாவை ஊருக்கு அழைத்துச் சென்றோம். கோலை ஊன்றிக் கொண்டு நேரே கொல்லைக்குத்தான் போனாள். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவரை எங்கேடி?" என்றாள்.

சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கார்த்திகையிலதானே அது பூக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெறும் பந்தலைப் பார்த்துக் கொண்டே நின்றாள். அப்பா உள்ளேயிருந்து, "எப்படியும் புயல்ல பந்தல் விழுந்திருக்கும், விடு" என்றார். அப்போதுதான் மூன்று பேரும் ஒரே சமயத்தில் சுவரைப் பார்த்தோம்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக் கொண்டபோது கொல்லைக்கு நடுவே எழுப்பியது. அதற்கு அந்தப் பக்கம் பெரியம்மா. பெரியப்பா காலமாகிவிட்டார். சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் போவது என்ற மகத்தான பிரச்னையில் ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு நின்று பத்து வருஷமாயிற்று. நல்லது கெட்டதுக்குப் போவார்கள், வருவார்கள், பேசமாட்டார்கள். சுவருக்கு மேலே, பெரியம்மாவின் பந்தல் புயலுக்கும் அசையாமல் நின்றிருந்தது. மூலைக்கு மூலை சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து, இரட்டைக் கயிறு கட்டியிருந்தாள். அதில் ஊதாப் பூவும் கொத்துக் கொத்தாகக் காயும். ஆயா இரண்டு மருமகள்களுக்கும் விதை கொடுத்திருந்தாள்.

அம்மா பார்த்தாள். "வா, கத்தரிக்காயை நறுக்கு" என்று உள்ளே போய்விட்டாள். அந்தப் பொங்கலுக்கு மார்க்கெட் அவரைதான் குழம்பில் வெந்தது. யாரும் குறை சொல்லவில்லை. யாரும் இரண்டாம் தடவை ஊற்றிக் கொள்ளவுமில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் என் படித்த புத்தி விழித்துக் கொண்டது. அந்தக் கொடி ஏன் பூக்கவில்லை என்று தேடிப் படித்தேன். 1920-ல் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். மேரிலாண்ட் மாமத் என்று ஒரு புகையிலை; கோடை முழுவதும் வயலில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கொட்டகைக்குள் வைத்தால் சின்னச் செடியே பூத்துவிடும். செடிகளைத் தினமும் சில மணி நேரம் இருட்டுக் கொட்டகையில் அடைத்துப் பகலைக் குறுக்கிப் பார்த்தார்கள். கோடையிலேயே பூத்தது! செடிக்குப் பகலின் நீளம் தெரிகிறது. நம் பழைய பந்தல் அவரையும் அந்த ஜாதிதான். பகல் குறைந்தால்தான் பூக்கும். ஆரணியில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறும் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம் கூட இராது. அந்தச் சொற்ப வித்தியாசத்தைக் கொடி கணக்குப் பண்ணி வைத்திருக்கிறது. எந்தக் காலத்திலும் பூக்கும் குத்து அவரை ரகங்களைக் கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. அவை குட்டையாக நிற்கும், பந்தல் வேண்டாம். அவற்றில் ஒன்றை நட்டுவிட்டு நான் தப்பித்துக் கொள்ளலாம். ஆனால் அது ஆயாவினுடையது ஆகாது.

போனில் அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "பகல் குறைஞ்சா எனக்கும்தான் முழம் குறையுது. அதுக்கு அமெரிக்காவுக்கா போகணும்?" என்றார்.

பங்குனியில் ஊருக்குப் போனபோது, அம்மா கோயிலுக்குப் போன சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பெரியம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்து கொண்டிருந்தாள்.

"வாடி. உங்கம்மா அனுப்பினாளா?"

"இல்லை பெரியம்மா. நானாகத்தான் வந்தேன். ஆயா அவரை விதை..."

"நீ வெட்டினது தெரியும். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்."

எனக்கு ஒரு கணம் பேச்சே வரவில்லை. "பார்த்தீங்களா? அப்போ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? பேச்சு இல்லையே" என்றாள் பெரியம்மா. புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துத் தனியே வைத்தாள். "நீ அரிவாளைத் தூக்கினதும் வாய் வரைக்கும் வந்துது. உங்கம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடணும், அவ வீட்டில இல்லை. உன்னைக் கூப்பிட்டா, 'என் பொண்ணை அதட்டினா'ன்னு பேச்சு வரும். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை."

எழுந்து உள்ளே போய்ச் செம்மண் உருண்டை ஒன்றைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். "உடைச்சுப் பாரு, எட்டு இருக்கும். உங்களுக்குன்னுதான் ஒரு கொத்து அதிகமா முத்த விட்டேன்." வாசல் வரைக்கும் வந்து, சுவரைப் பார்த்தபடி, "என் மிதிபாகல் விதையை எலி தின்னுடுச்சு. அது யார் வீட்டில இருக்குதோ" என்றாள். யாரையும் கேட்டாற்போல் இல்லை.

அம்மா உருண்டையை உடைத்து விதைகளை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்கவே இல்லை. "நடுக்கொத்துக் காயில எடுத்திருக்காங்க. உங்க ஆயா அப்படித்தான் எடுப்பாங்க" என்றாள். பாகல் சமாசாரத்தைச் சொன்னேன். கோலை ஊன்றிக் கொண்டே போய்ச் சுவரிலிருந்த சாண வறட்டிகளில் ஒன்றைப் பெயர்த்து, தண்ணீரில் ஊற வைத்து, பதினைந்து விதையை எடுத்துக் கழுவித் துடைத்துக் காலண்டர் தாளில் மடித்தாள். "கொடுத்துட்டு வா. நான் கொடுத்தேன்னு சொல்லாதே." ஒரு நிமிஷம் கழித்து, "சொன்னாலும் பரவாயில்லை."

2025 ஆடியில் எட்டில் நாலை நட்டாள். மீதி நாலு செம்மண்ணுக்குள் திரும்பிப் போயிற்று. எல்லாவற்றையும் ஒரேயடியாக நடுவதில்லை என்று முடிவு போலும். தீபாவளி அந்த வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதியே வந்துவிட்டதால், புரட்டாசி மூன்றாவது வாரமே கொல்லையை ஒதுக்கப் போனேன். இந்தத் தடவை அம்மா கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து கொண்டாள். அவள் வாய், என் கை. வெண்டையைப் பிடுங்கினேன், கத்தரியை ஒரு அடி விட்டு வெட்டினேன். ("ஒரு அடின்னா உன் அடியா, என் அடியா? இன்னும் கொஞ்சம் மேலே வெட்டு.") வாய்க்கால் வெட்டினேன். இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்துப் போயிற்று. அவரை பந்தல் நிறைய, சுவரையும் தாண்டி, ஒரே இலையாகக் கிடந்தது. பூ இல்லை, மொட்டு இல்லை. அதனடியில் நான் அரிவாளோடு குனிந்து போன போதெல்லாம் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள்.

பந்தலுக்குக் கயிறு கட்டும்போது சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"மூலைக் காலுக்கு இன்னொரு முட்டுக் கொடுக்கச் சொல்லு" என்றாள் பெரியம்மா, என்னைப் பார்த்து.

"கொடுக்கப் போறோம்னு சொல்லு" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

நான் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முறை தலையாட்டினேன். கழியும் கயிறும் சுவருக்கு மேலாக வந்து சேர்ந்தன.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் போன் அடித்தது. அம்மா.

"பூத்திருக்கு" என்றாள்.

"அப்பாடா! எத்தனை கொத்து?"

"நம்ம பக்கம் இன்னும் ஒண்ணும் காணோம். அந்தப் பக்கம் தொங்குதே, அந்தக் கிளையிலதான் மூணு கொத்து."

"அந்தப் பக்கம் இருக்கிறது உனக்கெப்படித் தெரியும்? எட்டிப் பார்த்தாயா? முழங்காலை வைத்துக் கொண்டு..."

"நான் எங்கே எட்டிப் பார்த்தேன்?" என்றாள் அம்மா. "அக்கா சொன்னாங்க."